ஸ்டிக், போல், ஸ்டேவ்: எந்தக் குச்சிக்கு எந்த ஆங்கிலச் சொல்?

பெயரிடுமுன் அந்த மரத்துண்டு என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். ஒடித்தெடுத்த குச்சி என்றால் ஸ்டிக். குத்துதல் என்ற வேரிலிருந்து வந்த சொல். நட்டுவைக்கும் நீண்ட கம்பம் என்றால் ‘போல்’ (pole). தரையில் அடிக்கும் முளையைக் குறிக்கும் பாலுஸ் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வடதுருவத்துக்கான ‘போல்’ கிரேக்க வழி வந்தது, இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள். மெல்லிய நேரான கோல் ராட் (rod). அது ஒரு நீள அளவும்கூட: 5.5 கெஜம், அதாவது 16.5 அடி.

ஊன்றுகோல் ஸ்டாஃப், பன்மையில் ஸ்டேவ்ஸ். அந்தப் பன்மையிலிருந்தே ஸ்டேவ் என்ற ஒருமையைப் பிற்பாடு உருவிக்கொண்டார்கள். பின்னோக்கிப் பிறந்த அருமையான சொல் இது! பீப்பாயைச் சுற்றி நிற்கும் வளைந்த பலகை ஒவ்வொன்றும் ஸ்டேவ்தான்.

அதிகம் தடுக்குவது லாத்தில். சுவர்ப் பூச்சுக்கு அடியில் அடிக்கும் மெல்லிய பட்டை அது. ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் ஓர் ‘e’ சேர்ந்துவிட்டால் லேத், கடைசல் இயந்திரம்!