லேசர் வாயு சென்சார்: சிங்கப்பூரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏர்கான் பேருந்திலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மூடிக்கொள்ளுமே, லேசர் சென்சாரின் லென்ஸுக்கும் அதே கதிதான். லேசர் ஒளியில் எவ்வளவை வாயு உறிஞ்சுகிறது என்று பார்த்து வாயுவின் அளவைச் சொல்லும் கருவி இது. 30 டிகிரி வெயில், 80 விழுக்காடு ஈரப்பதம் என்றால், 26 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் நீர் படியும். 22 டிகிரி அறையில் இருந்த கருவியை அப்படியே வெளியே வைத்து உடனே அளந்தால் ஒளி குறையும். அதையும் வாயு உறிஞ்சியதாகவே எண்ணிக்கொள்ளும் கருவிகள் உண்டு. வாய் கட்டிய பையிலேயே அரை மணி நேரம் வெளியில் விட்டுவிட்டு, அப்புறம் திறங்கள்.

லேசர் சூடு நிலைபெறுமுன் அளப்பதும் தவறு. மீத்தேன் ஒளியை உறிஞ்சும் மெல்லிய அலைநீளப் பட்டையை, அதாவது அதன் கோட்டை, 1653.7 நானோமீட்டர் அருகே தேடுகிறோம். லேசரின் வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் அலைநீளம் சுமார் 0.1 நானோமீட்டர் நகரும். கோட்டின் அகலம் அதைவிடக் குறைவு.

ஆளை அதிகம் ஏமாற்றுவது இன்னொன்று. இணையான இரண்டு கண்ணாடிப் பரப்புகளுக்கு இடையே ஒளி முன்னும் பின்னும் பிரதிபலித்து, வாயு இல்லாதபோது நேராக வரவேண்டிய அடிக்கோட்டில் அலை அலையாக ஒரு நெளிவைப் போடும். பார்த்தால் குறைந்த அளவு வாயு போலவே இருக்கும். "இன்னும் பத்து நிமிடம் சராசரி எடுப்போம்" என்பார்கள். பலிக்காது. சராசரி தாறுமாறான இரைச்சலைத்தான் குறைக்கும். இந்த நெளிவு மெதுவாக ஊர்ந்துகொண்டே இருக்கும். லென்ஸ் தாங்கியை விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். நெளிவு நகரும், வாயுவின் கோடு நகராது. பரப்புகள் இணையாக இராத ஆப்பு வடிவக் கண்ணாடி ஜன்னலும் சாய்வாக மெருகேற்றிய ஒளியிழை (ஃபைபர்) முனையும் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

உலர்ந்த நைட்ரஜனில் கலந்த சிலிண்டர் வாயுவை வைத்து அளவுதிருத்தம் செய்துவிட்டு வெளிக்காற்றை அளப்பவர்களும் உண்டு. இங்கே காற்றில் 3 விழுக்காட்டுக்கும் மேல் நீராவிதான். அது இடத்தைப் பிடித்துக்கொள்வதால், உலர்காற்றில் 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) மீத்தேன் என்றால், ஈரக்காற்றில் 1.94 என்றுதான் காட்டும். போதாததற்கு நீராவி கோட்டின் அகலத்தையும் மாற்றும். ஈரப்பதத்தையும் கூடவே அளந்துவிடுவது நல்லது.

அம்மோனியா என்றால், வெளிக்காற்றைக் கருவிக்குக் கொண்டுவரும் டியூபைக் கவனியுங்கள். வாயு டியூபின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு தாமதமாகத்தான் வந்து சேரும். ஏர்கான் அறைக்குள் நுழையும் இடத்தில் உள்ளே நீர்த்துளி கட்டினால் அதில் கரைந்தே போய்விடும். டியூபைச் சூடாக்கும் நாடா பெரும்பாலும் அந்தச் சுவர் ஓட்டையில்தான் விட்டுப்போயிருக்கும். முதலில் அங்கே தொட்டுப் பாருங்கள்.