வெண்புள்ளி: பரவுவதை நிறுத்துவது முதலில், நிறம் அப்புறம்

புதிதாக ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தால் பல வீடுகளில் உடனே நிறுத்தப்படுவது மீனும் தயிரும். அதனால் ஒரு பயனும் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் செல்களே தோலில் நிறம் தயாரிக்கும் மெலனோசைட் செல்களை அழிப்பதால் வருவது வெண்புள்ளி. தொட்டால் ஒட்டாது, ஒரே சோப்பு, ஒரே துண்டு என்றாலும் ஒட்டாது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலும் பெரும்பாலான குழந்தைகளுக்கு வருவதில்லை.

முதலில் அது வெண்புள்ளிதானா என்று பாருங்கள். சென்னை வியர்வைக்கு மார்பிலும் முதுகிலும் வருவது பெரும்பாலும் தேமல்; நகத்தால் லேசாகச் சுரண்டினால் பொடிப்பொடியாகச் செதில் வரும். வெண்புள்ளியில் செதில் வராது, தோல் வழவழப்பாகவே இருக்கும், நிறம் மட்டும் பால் வெள்ளையாகப் போயிருக்கும். வெளிறிய அல்லது சிவந்த திட்டில் பஞ்சால் தொட்டால் தெரியவில்லை என்றால் தொழுநோய்க்கான பரிசோதனை தேவை, தாமதிக்காதீர்கள். சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைகள் மூன்றிலும் தோல் பிரிவு உண்டு. இருட்டறையில் வுட்ஸ் லாம்ப் என்ற புற ஊதா விளக்கைக் காட்டினால் கண்ணுக்குத் தெரியாத திட்டும் பளிச்சென்று தெரியும். கூடவே தைராய்டு பரிசோதனையும் கேளுங்கள். வெண்புள்ளியும் தைராய்டு கோளாறும் சேர்ந்து வருவது சகஜம்.

பரவுகிறதா, நிற்கிறதா

மருந்தைத் தீர்மானிப்பது இந்தக் கேள்விதான். மாதம் ஒரு முறை, அதே ஜன்னல் வெளிச்சத்தில், திட்டின் பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய்க் காசை வைத்துப் படம் எடுங்கள். ஓஎச்பி ஷீட் எனும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளைத் திட்டின் மேல் வைத்து மார்க்கரால் ஓரத்தை வரைந்து தேதி போட்டு வைத்தால் இன்னும் துல்லியம். ஓரம் மங்கலாக இருப்பது, சுற்றிலும் பொட்டுப்பொட்டாகப் புதிய புள்ளிகள் தெறிப்பது, ஆணி கீறிய இடம் ஆறியபின் கோடாகவே வெளுப்பது: மூன்றில் எது தெரிந்தாலும் நோய் இப்போது வேகமாக இருக்கிறது என்று பொருள். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.

உரசல்

இங்கேதான் நம் கையில் நிறைய இருக்கிறது, டாக்டர்கள் அவசரத்தில் விட்டுவிடுவதும் இதைத்தான். தோல் அழுந்தும், தேயும், காயம்படும் இடங்களில் புதுத் திட்டு வருகிறது. பாவாடை நாடா இடுப்பில் ஒரே கோட்டில் இறுகுவதால் அதே கோட்டில் வெளுக்கும். இரண்டு அங்குல அகலப் பட்டி வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள், தினமும் கட்டும் உயரத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள். அரைஞாண் கயிறு, இறுக்கமான பெல்ட், வாட்ச் பட்டை, தாடைக்குக் கீழே ஹெல்மெட் ஸ்ட்ராப், குழந்தைகளுக்கு ஷூ கடிக்கும் கணுக்கால் என்று வரிசையாகப் பாருங்கள். பீர்க்கங்காய் நாரால் தேய்த்துக் குளிப்பதை விட்டுவிடுங்கள். கொசுக்கடியைச் சொறிவதுகூடக் கணக்கில் சேரும், ஆகவே வலையும் இதில் ஒரு மருந்துதான்.

சில பொருட்கள் நிறச் செல்லையே நேராகக் கொல்லும். ஸ்டிக்கர் பொட்டின் பிசினில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் இருந்தால் நெற்றியில் பொட்டு அளவுக்கே வட்டமாக வெளுக்கும். ரப்பர் செருப்பு வாரின் வடிவத்திலேயே பாதம் வெளுப்பதும், டை அடித்த மீசைக்கடியில் வெளுப்பதும் இதே கதை. வடிவம் பொருளோடு பொருந்தினால் அந்தப் பொருளை அன்றே தூக்கிப் போடுங்கள். பிராண்டை மாற்றிப் பார்ப்பது வீண்.

மருந்தும் வெளிச்சமும்

முகத்துக்கும் இமைக்கும் பெரும்பாலும் ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் ஆயின்மென்ட் எழுதுவார்கள். முதல் சில நாள் எரியும். பயந்து நிறுத்த வேண்டாம். ஸ்டீராய்டு கிரீமோ, எழுதிக்கொடுத்த வாரங்களைத் தாண்டித் தடவினால் தோல் மெலிந்து ரத்தக்குழாய் தெரியும், கண்ணருகே என்றால் கண் அழுத்தம் ஏறலாம். பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் திரும்பத் திரும்ப வாங்குவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு.

லைட் ட்ரீட்மென்ட் என்பது 311 நானோமீட்டர் யூவிபி, அதாவது ஒருவகைப் புற ஊதா ஒளி. வாரம் இரண்டு அல்லது மூன்று முறை, அடுத்தடுத்த நாளில் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, ஆண்கள் பிறப்புறுப்பை மூடி நிற்க வேண்டும். அன்று திட்டு லேசாகச் சிவந்து மறுநாளுக்குள் அடங்கினால் அளவு சரி. இரண்டு நாளுக்கும் நின்றாலோ கொப்புளித்தாலோ அடுத்த முறைக்கு முன்பே சொல்லுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் போகாமல் விட்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும், அளவைக் குறைத்துத் தொடங்குவார்கள். ஆறு மாதம் பார்க்காமல் பயனில்லை என்று முடிவுகட்டாதீர்கள். திட்டுக்குள் முடி கறுப்பாக இருந்தால் நல்ல அறிகுறி: முடிக்குழியில் மிச்சமிருக்கும் நிறச் செல்கள் மேலேறி, கேழ்வரகைத் தூவியதுபோலப் புள்ளிபுள்ளியாக நிறம் திரும்பும். முகம் சீக்கிரம் கேட்கும். விரல் நுனி, உதடு, முடி நரைத்த திட்டு மிகத் தாமதம், சில சமயம் கேட்கவே கேட்காது. அப்படிப்பட்ட இடத்துக்கும் ஒரு வருடமாவது பரவாமல் நின்றிருந்தால் மட்டுமே தோல் ஒட்டு அறுவை.

கார்போகரிசியை அரைத்துத் தடவி வெயிலில் நிற்கச் சொல்வார்கள். அதில் உள்ள சோராலன், வெயில் தோலை அதிகமாகத் தாக்கும்படி செய்யும், உண்மையிலேயே வேலை செய்யும் பொருள், சிக்கலே அதுதான். அளவும் நேரமும் கணக்கில்லாமல் ஏப்ரல் மொட்டைமாடி வெயிலில் நின்றால் கொப்புளம் வெடித்து, அந்தக் காயத்தைச் சுற்றியே புதிதாக வெளுக்கும்.

வெளியே போகும்போது தண்ணீர் தாங்கும் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி. பைக்கில் வியர்த்தால் அதற்கும் முன்பே. லைட்டுக்கு நிற்பதற்கு முன் மட்டும் கிரீம் எதுவும் வேண்டாம். சுற்றியுள்ள தோல் கறுக்காததால் திட்டு பளிச்சிடாமல் இருப்பது சன்ஸ்கிரீனில் கிடைக்கும் கூடுதல் லாபம்.

மறைக்க விரும்பினால் டைஹைட்ராக்ஸி அசிட்டோன் உள்ள லோஷன் நன்றாகக் காய்ந்தபின் துணியில் ஒட்டாது, மூன்று முதல் ஐந்து நாள் நிற்கும். நிறம் ஏற சில மணி நேரம் ஆகும் என்பதால் இரவில், திட்டின் ஓரத்தைத் தாண்டாமல் காதுகுடையும் பஞ்சுக்குச்சியால் தடவுங்கள். உடனே கை கழுவாவிட்டால் உள்ளங்கையும் கறுக்கும். கல்யாணத்துக்கு என்றால் இரண்டு வாரம் முன்னாலேயே ஒரு சின்னத் திட்டில் போட்டு, சாயல் பொருந்துகிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.