விண்டோஸ் 7 கணினியில் பழைய ஆன்ட்டிவைரஸை ஓட வைப்பது எப்படி?

ஜெராக்ஸ் கடைகளிலும் சின்னச் சின்ன அலுவலகங்களிலும் விண்டோஸ் 7 இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பழைய பிரிண்டருக்குப் புதிய டிரைவர் வரவில்லை, கணக்கு எழுதும் மென்பொருள் புதிய விண்டோஸில் ஏறவில்லை, இல்லையென்றால் கணினியில் இருப்பதே 2 ஜிபி ரேம்தான். "புதுசு வாங்கிடுங்க" என்பது நல்ல யோசனைதான். ஆனால் வாங்க முடிகிற வரைக்கும் இருப்பதை எப்படிப் பத்திரமாக ஓட்டுவது? அதற்குத்தான் இந்த விளக்கம்.

உதாரணத்துக்கு மைக்ரோசாஃப்ட் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸை எடுத்துக்கொள்கிறேன். 2009-இல் வந்த இலவச ஆன்ட்டிவைரஸ் இது. பழைய விண்டோஸ் 7 கணினிகளில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் குட்டி வீடு மாதிரி ஓர் ஐகான் தெரிந்தால் அதுதான். பச்சையாக இருந்தால் நலம், சிவப்பாக இருந்தால் ஏதோ கோளாறு. விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14 அன்று நிறுத்தியபோது, எசென்ஷியல்ஸைத் தரவிறக்கும் வசதியையும் எடுத்துவிட்டது. ஏற்கெனவே நிறுவியவர்களுக்கு டெஃபினிஷன் மட்டும் 2023 வரை வரும் என்று சொன்னது. டெஃபினிஷன் என்பது எந்த வைரஸ் எப்படி இருக்கும் என்கிற அடையாளப் பட்டியல். அந்தக் கெடு முடிந்துவிட்டதால் இனி கிடைக்கிறவரை லாபம் என்றுதான் கணக்கு.

எனவே தொடங்குவதற்கு முன்பே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஐகான் சிவப்பாக இருக்கிறதே என்று எசென்ஷியல்ஸை அன்இன்ஸ்டால் செய்துவிடாதீர்கள். திரும்பப் போடுவதற்கான கோப்பு மைக்ரோசாஃப்டிடம் கிடைக்காது. வேறு தளங்களில் கிடைப்பதை நம்பி ஏற்றுவது, திருடனைக் கூப்பிட்டுப் பூட்டு மாட்டச் சொல்கிற கதை.

இன்னொன்று. "ஆன்ட்டிவைரஸ் பழசாகிவிட்டது, அதனால்தான் அப்டேட் ஆகவில்லை" என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். பாதி நேரம் குற்றம் ஆன்ட்டிவைரஸ் மேல் இல்லை, அதற்கு அடியில் இருக்கும் விண்டோஸ் மேல்தான். அதனால் கீழே இருந்து மேலே போவோம்.

முதல் படி: தேதியைப் பாருங்கள்

கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் இதுதான் அதிகம் மாட்டுகிற இடம். பத்து வருடத்துக்கு மேலான கணினியில் மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி செத்திருக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு மறுநாள் போட்டால் தேதி பல வருடங்கள் பின்னால் போய் நிற்கும். இணையத்தில் பாதுகாப்பான இணைப்பு ஒவ்வொன்றும் சான்றிதழ் பார்த்துத்தான் நடக்கிறது. "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும்" என்று அதில் எழுதியிருக்கும். கணினி இன்னும் 2009-இல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தால், எல்லாச் சான்றிதழும் அதன் கண்ணுக்குப் போலிதான். அப்டேட்டும் ஓடாது, பல தளங்களும் திறக்காது.

இணையத்தில் இணைத்தால் தானாகவே நேரம் சரியாகிவிடும் என்று காத்திருக்கவும் வேண்டாம். வித்தியாசம் 15 மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் விண்டோஸ் 7 தானாகத் திருத்திக்கொள்ளாது. கடிகாரத்தைக் கிளிக் செய்து, 'சேஞ்ச் டேட் அண்ட் டைம்' போய் நாள், மாதம், வருடம் மூன்றையும் கையால் மாற்றுங்கள். 'டைம் ஸோன்' இந்திய நேரத்தில், அதாவது 5:30 கூட்டலில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கணினியை அணைத்துப் போடும்போதெல்லாம் தேதி ஓடிப்போகிறது என்றால் பேட்டரியை மாற்றத்தான் வேண்டும். பெரும்பாலான மதர்போர்டில் இருப்பது சிஆர் 2032, ஒரு ரூபாய் நாணயம் அளவு இருக்கும், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, எழுத்து இருக்கும் பக்கம் மேலே தெரிகிற மாதிரி வைத்தால் போதும்.

இரண்டாம் படி: விண்டோஸுக்குப் புதுக் கையெழுத்தைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள்

மைக்ரோசாஃப்ட் அனுப்பும் ஒவ்வொரு அப்டேட்டிலும் "இது நான் அனுப்பியதுதான்" என்று ஒரு டிஜிட்டல் கையெழுத்து இருக்கும். முன்பு அதற்கு ஷா-1 என்ற முறையைப் பயன்படுத்தினார்கள். அதை உடைக்க முடியும் என்றானதும், 2019-இல் படிப்படியாக ஷா-2 முறைக்கு மாறிவிட்டார்கள். பழைய விண்டோஸ் 7-க்கு ஷா-2 கையெழுத்தைச் சரியாகப் படிக்கத் தெரியாது. மைக்ரோசாஃப்டே அனுப்பிய கோப்பை "யாரோ தெரியாத ஆள்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். அப்டேட் நிற்கும்போது 80092004 என்ற பிழை எண் வந்தால் சந்தேகமே வேண்டாம், காரணம் இதுதான்.

இதற்கு இரண்டு திருத்தங்கள் வேண்டும்: கேபி 4490628, கேபி 4474419 (கேபி என்பது மைக்ரோசாஃப்ட் தன் திருத்தங்களுக்கு வைக்கும் எண்). இதே வரிசையில் போடுங்கள். அதற்கு முன்னால் 'கம்ப்யூட்டர்' மேல் வலது கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து பாருங்கள். 'சர்வீஸ் பேக் 1' என்று இருக்க வேண்டும், அது இல்லாமல் இவை ஏறாது. அதே திரையில் 32 பிட்டா 64 பிட்டா என்றும் இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த படியிலும் வேண்டும்.

இரண்டும் 'மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக்' என்ற தளத்தில் கிடைக்கும். பழைய கணினியின் பிரவுசரில் அந்தத் தளம் தகராறு செய்யலாம். மல்லுக்கட்ட வேண்டாம், வேறு நல்ல கணினியில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவாருங்கள். 'விண்டோஸ் 7' என்று பெயரில் இருப்பதைப் பார்த்து எடுங்கள், சர்வர் பதிப்புக்கும் அதே எண்ணில் கோப்பு இருக்கும்.

கோப்பை இரட்டைக் கிளிக் செய்தால் 'சர்ச்சிங் ஃபார் அப்டேட்ஸ் ஆன் திஸ் கம்ப்யூட்டர்' என்று ஒரு பச்சைப் பட்டை ஓட ஆரம்பிக்கும். சில கணினிகளில் அது மணிக்கணக்கில் ஓடும், நீங்கள் டீ குடித்துச் சாப்பாடும் முடித்து வந்தாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அப்படியானால் ரத்து செய்துவிட்டு, 'கன்ட்ரோல் பேனல்' வழியாக 'விண்டோஸ் அப்டேட்' அமைப்பில் 'நெவர் செக் ஃபார் அப்டேட்ஸ்' என்று தற்காலிகமாக மாற்றி, நெட் கேபிளையும் கழற்றிவிட்டு, கணினியை மறுபடி துவக்கி முயன்று பாருங்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். இரண்டும் ஏறியபிறகு ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்து, அமைப்பைப் பழையபடி மாற்றிவிடுங்கள்.

மூன்றாம் படி: ஒரே உறையில் இரண்டு கத்தி வேண்டாம்

கணினி வாங்கியபோது கூட வந்த, சந்தா முடிந்துபோன வேறொரு ஆன்ட்டிவைரஸ் மூலையில் தூங்கிக்கொண்டிருக்கலாம். இரண்டும் ஒரே கோப்பை ஒரே நேரத்தில் திறந்து பார்க்கப் போட்டி போடும், கணினி நத்தையாகிவிடும். சந்தா முடிந்ததை 'ப்ரோக்ராம்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்' வழியாக நீக்குங்கள். அதில் போகவில்லை என்றால் அந்தந்த நிறுவனமே முழுதாகத் துடைத்தெடுக்கும் கருவியைத் தன் தளத்தில் வைத்திருக்கும்.

நான்காம் படி: டெஃபினிஷனைக் கையால் ஏற்றுங்கள்

எசென்ஷியல்ஸைத் திறந்து 'அப்டேட்' தாவலுக்குப் போங்கள். அங்கே 'டெஃபினிஷன்ஸ் கிரியேட்டட் ஆன்' என்று ஒரு வரி இருக்கும். இந்தக் கணினியைப் பொறுத்தவரை நீங்கள் பார்க்க வேண்டிய ஒரே தேதி அதுதான். ஐகான் பச்சையா சிவப்பா என்பதைவிட இது முக்கியம். முதலில் அந்தப் பெரிய 'அப்டேட்' பொத்தானை அழுத்துங்கள். முதல் இரண்டு படிகளையும் சரியாகச் செய்திருந்தால் அதுவே வேலை செய்துவிட வாய்ப்புண்டு.

செய்யவில்லையா? சரி, பென்டிரைவ் வழி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் தளத்தில் 'செக்யூரிட்டி இன்டெலிஜென்ஸ் அப்டேட்ஸ்' என்று தேடிப் போனால், கையால் ஏற்றுவதற்கான கோப்பு 32 பிட்டுக்கும் 64 பிட்டுக்கும் தனித்தனியாக இருக்கும். கோப்பின் பெயர் எம், பி, ஏ, எம் என்ற எழுத்துகளில் தொடங்கும். புதிய விண்டோஸின் டிஃபெண்டருக்கும் இதே வகைக் கோப்புதான். அளவு 100 எம்பியைத் தாண்டும், அதனால் மொபைல் டேட்டாவில் இறக்குகிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்றுவதற்கு முன் கோப்பின் மேல் வலது கிளிக், 'ப்ராப்பர்ட்டீஸ்', 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்'. அங்கே மைக்ரோசாஃப்ட் கார்ப்பரேஷன் பெயர் இருக்க வேண்டும். அந்தத் தாவலே இல்லை என்றால் கோப்பைத் தூக்கிப் போடுங்கள்.

இப்போது இரட்டைக் கிளிக். விண்டோஸ் அனுமதி கேட்கும், 'எஸ்' கொடுங்கள். அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்காது. பட்டை ஓடாது, "முடிந்தது" என்று செய்தியும் வராது. புதிதாகச் செய்கிறவர்கள் இங்கேதான் பதறி நாலைந்து முறை கிளிக் செய்துவிடுவார்கள். அந்தக் கோப்பின் சுபாவமே அப்படித்தான், சத்தமில்லாமல் பின்னணியில் வேலை செய்யும். ஹார்ட் டிஸ்க் விளக்கு மினுக்குவது அடங்கும்வரை சில நிமிடங்கள் விட்டுவிடுங்கள். அப்புறம் எசென்ஷியல்ஸை மூடித் திறந்து அதே வரியைப் பாருங்கள். தேதி முன்னால் நகர்ந்திருந்தால் வெற்றி.

வாரம் ஒரு தடவையாவது இதைச் செய்யுங்கள். வேறு நிறுவன ஆன்ட்டிவைரஸ் வைத்திருப்பவர்களுக்கும் வழி இதேதான். க்விக் ஹீல் போன்றவை ஆஃப்லைன் அப்டேட் கோப்பு தருகின்றன. உங்கள் பதிப்பு எண்ணுக்கு உரியதைப் பார்த்து எடுக்க வேண்டும், சந்தாவும் உயிரோடு இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: அமைப்புகளில் சில மாற்றங்கள்

எசென்ஷியல்ஸ் வாராந்திரச் சோதனைக்கு வைத்திருக்கும் நேரம் ஞாயிறு அதிகாலை 2 மணி. ஞாயிறு அதிகாலையில் எந்த ஜெராக்ஸ் கடைக் கணினி ஓடுகிறது? 'செட்டிங்ஸ்' தாவலில் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றிவிடுங்கள். அதிலேயே 'லிமிட் சிபியு யூசேஜ்' என்று ஒன்று இருக்கும், 50 சதவீதத்தில் நிற்கும். வேகம் குறைந்த கணினியில் 20-க்கு இறக்கலாம், சோதனை மெதுவாக முடியும், ஆனால் வேலை நிற்காது.

'அட்வான்ஸ்டு' பகுதியில் 'ஸ்கேன் ரிமூவபிள் டிரைவ்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். முழுச் சோதனையின்போதுதான் இது பென்டிரைவைப் பார்க்கும். வாடிக்கையாளர் பென்டிரைவை நீட்டினால், திறப்பதற்கு முன் அதன் மேல் வலது கிளிக் செய்து 'ஸ்கேன் வித் மைக்ரோசாஃப்ட் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ்' கொடுப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

'ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்' போய் 'ஹைட் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்று தொடங்கும் வரியின் டிக்கை எடுத்துவிடுங்கள். பயோடேட்டா.பிடிஎஃப் என்று தெரிவது உண்மையில் பயோடேட்டா.பிடிஎஃப்.இஎக்ஸ்இ, அதாவது கிளிக் செய்தால் ஓடத் தொடங்கும் ஒரு புரோகிராம் என்பது அப்போதுதான் கண்ணில் படும். ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி நிற்கும் பென்டிரைவ் வந்தால் எதையும் கிளிக் செய்யாதீர்கள். உண்மையான ஃபோல்டர்கள் பெரும்பாலும் அதற்குள்ளேயே மறைந்துதான் இருக்கும், ஸ்கேன் செய்தபிறகு அதே 'ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்' வழியாக மறைந்தவற்றைக் காட்டச் சொல்லி எடுத்துக்கொள்ளலாம்.

ஆறாம் படி: நிஜமாகவே காவல் காக்கிறதா?

இதைச் சோதிப்பதற்கென்றே ஐகார் என்ற ஐரோப்பிய அமைப்பு ஒரு சோதனைக் கோப்பு வைத்திருக்கிறது. மொத்தமே 68 எழுத்துகள், வைரஸ் கிடையாது, எந்தக் கெடுதலும் செய்யாது. எல்லா நிறுவனங்களும் இதை வைரஸாகவே பாவித்துப் பிடிக்க ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஐகார் தளத்திலிருந்து இறக்கிப் பாருங்கள். கோப்பு சேமிக்கப்பட்ட மறுநொடி எசென்ஷியல்ஸ் எச்சரிக்க வேண்டும். கண்டுகொள்ளாமல் இருந்தால் 'ரியல்-டைம் ப்ரொடெக்ஷன்' அணைந்து கிடக்கிறது, 'செட்டிங்ஸ்' போய்ப் போடுங்கள்.

ஆன்ட்டிவைரஸால் முடியாதது

2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வகை) பரவியபோது யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை. விண்டோஸின் கோப்புப் பகிர்வில் இருந்த ஓட்டை வழியாக ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினிக்குத் தானே போனது. மாட்டியவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வெளியாகியிருந்தது. விண்டோஸ் 7-க்கு அது கேபி 4012212, கேட்டலாக்கில் கிடைக்கும். பல வருடங்களாக அப்டேட் ஏறாத கணினி என்றால் இதையும் போட்டுவிடுங்கள்.

விண்டோஸ் 7 ஆதரவு முடிந்த 2020 ஜனவரிக்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்குச் சாதாரணப் பயனர்களுக்கு அப்படி ஒரு திருத்தம் வராது. எனவே கணினியின் வேலையைச் சுருக்குங்கள். அதில் நெட் பேங்கிங், ஆதார் ஓடிபி, சொந்த மெயில் எதுவும் வேண்டாம். குரோம் 109-ஓடு விண்டோஸ் 7-ஐக் கைவிட்டுவிட்டது, பிரவுசர் அவசியம் என்றால் ஃபயர்ஃபாக்ஸின் 115 இஎஸ்ஆர் பதிப்பைப் போடுங்கள், இந்தப் பழைய விண்டோஸ் ஏற்கும் கடைசி வரிசை அதுதான். அன்றாட வேலைக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை இல்லாத இன்னொரு பயனர் கணக்கு திறங்கள். கணக்குக் கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்ததும் அதைக் கழற்றி மேசைக்குள் வையுங்கள், மாட்டியே இருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

ஒரு நாள் புதுக் கோப்பை ஏற்றியும் 'டெஃபினிஷன்ஸ் கிரியேட்டட் ஆன்' தேதி நகராது. தேதி, கையெழுத்து, பிட் மூன்றும் சரியாக இருந்து, அடுத்த வாரக் கோப்புக்கும் அசையவில்லை என்றால் எசென்ஷியல்ஸின் கதை முடிந்தது. அன்றைக்கே நெட் கேபிளைக் கழற்றி, வைஃபையையும் அணைத்துவிடுங்கள். பிரிண்டருக்கும் கணக்குக்கும் இணையம் தேவையில்லை. கோப்பு கொண்டுவர ஒரே ஒரு பென்டிரைவை ஒதுக்கி, அதை ஒவ்வொரு முறையும் புதிய கணினி ஒன்றில் ஸ்கேன் செய்தபிறகே இதில் செருகுங்கள்.