பயத்தால் வருவதா திக்கல்? நாம் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

போனில் "யார் பேசறீங்க?" என்று கேட்டால் எனக்கு இன்றும் ஒரு நொடி மூச்சு நின்றுவிடும். கேட்டது என் பெயரைத்தான். மற்ற சொல் எது மாட்டினாலும் அதை நகர்த்திவிட்டு வேறொன்றைப் போட்டுச் சமாளிக்கலாம். பெயருக்கு மாற்றுச் சொல் கிடையாது. உதடு ஒட்டிக்கொள்ளும், தொண்டை இறுகும், சத்தமே வராது. "ஹலோ, லைன் சரியில்லையே" என்று எதிர்முனையில் வைத்துவிடுவார்கள்.

என்னைப் போலத் திக்குகிறவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான்: "பயப்படாம பேசு." அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் திக்கலைப் பற்றிய முதல் தவறு அந்த அறிவுரைக்குள்ளேயே இருக்கிறது. பயம்தான் நோய், திக்கல் அதன் அறிகுறி என்று அது எடுத்துக்கொள்கிறது.

திக்கல் பெரும்பாலும் தொடங்குவது 2 முதல் 5 வயதுக்குள். சொற்களைக் கோத்து வாக்கியமாகப் பேசக் கற்கும் பருவம் அது. அந்த வயதுக் குழந்தைக்கு மேடைப் பயமோ தாழ்வு மனப்பான்மையோ ஏது? 100 குழந்தைகளில் சுமார் 5 பேருக்கு இது ஏதோ ஒரு கட்டத்தில் வருகிறது. பெரும்பாலோருக்குப் போய்விடுகிறது, பெரியவர்களில் 100-க்கு ஒருவர் அளவில் தங்கிவிடுகிறது. அப்படித் தங்குவது பெண்களைவிட ஆண்களுக்கே அதிகம். ஒரே குடும்பத்தில் பலருக்கு இருப்பதும் சகஜம். ஒரே உருவ இரட்டையர்களில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் இருக்கும் வாய்ப்பு சாதாரண இரட்டையர்களைவிட அதிகம். சில குடும்பங்களில் இதோடு தொடர்புடைய மரபணு மாற்றங்களை 2010-இல் அடையாளம் கண்டார்கள்.

பேசுவது என்பது மூச்சு, குரல்நாண், நாக்கு, உதடு எல்லாம் நொடியின் ஒரு துளிக்குள் ஒன்றுசேரும் வேலை. ஒவ்வோர் அசைவையும் எப்போது தொடங்குவது என்று மூளையின் ஆழத்தில் உள்ள சில பகுதிகள் சைகை கொடுக்கின்றன. திக்குகிறவர்களின் மூளையில் இந்தச் சைகையும், இடப்பக்கத்தில் பேச்சுப் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகளும் சற்று வேறுபட்டிருப்பதை ஸ்கேன்கள் காட்டுகின்றன. என்ன சொல்ல வேண்டும் என்பது தெளிவாகத் தெரியும், தொடங்கும் நேரம்தான் தவறுகிறது. பாடும்போதும், நாலு பேரோடு சேர்ந்து வாசிக்கும்போதும் எங்களில் பெரும்பாலோருக்குத் திக்காது. தாளம் அங்கே வெளியிலிருந்து கிடைப்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்படியானால் உணர்ச்சிக்குப் பங்கே இல்லையா? நிறைய இருக்கிறது. ஆனால் அது பற்றவைப்பது இல்லை, எரிகிறதில் எண்ணெய் ஊற்றுவது. ஒரு முறை மாட்டுகிறது, யாரோ சிரிக்கிறார்கள். அடுத்த முறை அந்தச் சொல் வருவதற்கு முன்பே உடம்பு இறுகுகிறது. இறுகியதால் இன்னும் மோசமாக மாட்டுகிறது. நாலைந்து வருடம் இப்படிப் போனால் திக்கலும் பயமும் பிரித்தெடுக்க முடியாதபடி பின்னிக்கொள்ளும். ஜோசப் ஷீஹன் என்ற உளவியலாளர் இதைக் கடலில் மிதக்கும் பனிப்பாறைக்கு ஒப்பிட்டார். காதில் விழும் திக்கல் மேலே தெரியும் முனை. பயம், வெட்கம், குற்ற உணர்வு எல்லாம் தண்ணீருக்கு அடியில்.

பயம் மட்டுமல்ல, சந்தோஷமும் திக்கலைக் கூட்டும். ஆர்வத்தோடு ஓடிவந்து கதை சொல்லும் குழந்தைக்கு அன்றைக்குப் பார்த்து அதிகம் மாட்டலாம். களைப்பு, அவசரம், நாலு பேருக்கு நடுவில் முந்திக்கொண்டு பேச வேண்டிய நிலை, இவையும் அப்படித்தான். இந்த ஏற்ற இறக்கம் புரியாததால்தான் "நேத்து நல்லாத்தானே பேசினே? இன்னிக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டுவிடுகிறார்கள். குழந்தை வேண்டுமென்றே செய்வதாக நினைக்கிறார்கள். இந்தக் கேள்வி எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

இன்னொரு தவறு, பழியைப் பெற்றோர் தலையில் போடுவது. "நீங்க மிரட்டி வளர்த்ததாலதான்" என்ற பேச்சுக்கு ஒரு காலத்தில் அறிவியல் ஆதரவே இருந்தது. குழந்தையின் சாதாரணத் தடுமாற்றத்தைத் திக்கல் என்று பெரியவர்கள் முத்திரை குத்துவதால்தான் அது திக்கலாகிறது என்றார் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்து வெண்டல் ஜான்சன். அவருக்கே திக்கும். அவர் வழிகாட்டுதலில் 1939-இல் ஆதரவற்ற குழந்தைகள் 22 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. நன்றாகப் பேசிய சிலரிடமும் "உனக்குத் திக்குது, சரியா பேச முடியலைன்னா பேசாதே" என்று மாதக்கணக்கில் சொன்னார்கள். அந்தக் குழந்தைகள் நிரந்தரமாகத் திக்குகிறவர்களாக மாறிவிடவில்லை. ஆனால் பேசவே கூசினார்கள், ஒதுங்கிப் போனார்கள். 2001-இல் பல்கலைக்கழகம் அதற்கு மன்னிப்புக் கேட்டது. அதைப் படித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. திக்கலை உண்டாக்க அந்தச் சொற்களால் முடியவில்லை, வாயை அடைக்க முடிந்தது.

நாக்கில் கோளாறு என்று நினைப்பது அதைவிடப் பழைய தவறு. 1841-இல் டீஃபென்பாக் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் திக்குகிறவர்களின் நாக்கையே வெட்டித் திருத்தப் பார்த்தார். நாக்கில் ஒன்றும் இல்லை.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? "அ... அ... அப்பா, இன்னிக்கு ப... ப..." என்று குழந்தை தொடங்கினால் "பள்ளிக்கூடமா? பந்தா?" என்று முடித்துக் கொடுக்காதீர்கள். "மூச்சை இழுத்து மெதுவா சொல்லு" என்பதும் வேண்டாம். குழந்தை சொல்ல வந்த விஷயம் பின்னுக்குப் போய், எப்படிச் சொன்னது என்பதே முக்கியமாகிவிடுகிறது. கையில் இருப்பதைக் கீழே வையுங்கள். முகத்தைப் பாருங்கள். முடிக்கும்வரை காத்திருங்கள். அப்புறம் நீங்கள் நிதானமாகப் பதில் சொல்லுங்கள், அந்த நிதானம் குழந்தைக்கும் ஒட்டும். குழந்தையே "ஏன் எனக்கு வரலை?" என்று கேட்டால் பேச்சை மாற்றாதீர்கள். "சொல் மாட்டிக்கிச்சு, பரவாயில்லை, எனக்குக் கேட்க நேரம் இருக்கு" என்றால் போதும். யாருமே பேசாத விஷயம் ஏதோ அசிங்கமான விஷயம் என்று குழந்தைகள் தாங்களாகவே முடிவுகட்டிவிடுவார்கள்.

"தானா சரியாயிடும்" என்று வருடக்கணக்கில் காத்திருப்பதும் தவறுதான். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்தாலோ, சொல்லும்போது கண்ணை இறுக்கினாலோ, பாதியில் "ஒண்ணுமில்லை" என்று விட்டுவிட்டாலோ பேச்சுக் குறைகளுக்குச் சிகிச்சை தரும் பயிற்சியாளரிடம் (ஸ்பீச் தெரபிஸ்ட்) காட்டுங்கள். சிறு வயதில் பயிற்சி நன்றாகவே பலன் தருகிறது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பெரியவருக்குத் திடீரெனப் பேச்சு தடுமாறினால் அது வேறு கதை. பக்கவாதமாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

திக்குகிற நாங்கள் செய்யும் பெரிய தவறு ஒளிவது. ஒரு சனிக்கிழமை, "திங்கட்கிழமை" வராது என்று தெரிந்து "நாளைக்கு மறுநாள்" என்றேன். கேட்டவர் அதை அப்படியே மறுநாள் இன்னொருவருக்குச் சொல்ல, அவர் செவ்வாய்க்கிழமை வந்து நின்றார். ஒரே ஒரு சொல்லுக்கு பயந்து ஒரு மனிதரை வீணாக அலைய விட்டிருந்தேன். சொல்லை மாற்றுவது, தொடையில் தட்டிக்கொண்டு பேசுவது, போனை எடுக்காமல் விடுவது எல்லாம் அந்த நேரத்துக்கு உதவும். ஆனால் ஒவ்வொரு முறை தப்பிக்கும்போதும் பயம் கொஞ்சம் வளர்கிறது. அதனால் இன்றைய பயிற்சி பேச்சோடு மட்டும் நிற்பதில்லை. சொல்லை மென்மையாகத் தொடங்கப் பழக்குகிறார்கள். அதோடு, தவிர்த்து வந்த சொல்லை வேண்டுமென்றே சொல்லவும், வேண்டுமென்றே திக்கவும்கூடப் பழக்குகிறார்கள். நடத்தை சார்ந்த மனநலச் சிகிச்சை பயத்தைக் குறைக்க உதவுகிறது.

நான் இப்போது போன் எடுத்ததும், "எனக்குத் திக்கும், ஒரு நிமிஷம் பொறுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயரில் இன்னும் மாட்டுகிறது. ஆனால் பெரும்பாலும் யாரும் வைத்துவிடுவதில்லை.