அமெரிக்கா கிளம்பும் வட சென்னைக் குடும்பங்களுக்கு: கோடை நீச்சல் அணி

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவிலிருந்து இந்த வருஷம் இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளோடு அமெரிக்கா போகின்றன. பள்ளிக்கூடம், வாடகை வீடு, அரிசி, பருப்பு எல்லாம் விசாரிக்கிறார்கள். ஆறு வருஷம் அங்கே இருந்து திரும்பியவள் என்ற உரிமையில் நான் சொல்வது இன்னொன்று: பிள்ளையைக் குடியிருப்பு நீச்சல் குளத்தின் கோடை நீச்சல் அணியில் சேர்த்துவிடுங்கள். கோடை விடுமுறையில் பிள்ளைகள் சேர்ந்து பயிற்சி எடுத்துப் போட்டிகளில் நீந்தும் அணி அது.

நம்மில் பலர் கடல் பக்கத்திலேயே வளர்ந்தும் நீச்சல் தெரியாதவர்கள். "கால் மட்டும் நனைச்சுட்டு வந்துடு" என்றுதான் வீட்டில் சொல்லி அனுப்புவார்கள். ராயபுரம் பக்கம் கருங்கல் கொட்டிய கரையில் அலை அடிப்பதைப் பார்த்தால் அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் அங்கே பல குடியிருப்புகளில் வாசலிலேயே குளம் இருக்கும். நீச்சல் தெரியாத பிள்ளைக்கு அதுவே ஆபத்து.

நமக்குக் கோடை ஏப்ரல், மே. அங்கே ஜூன், ஜூலை. ஆனால் பல அணிகள் அதற்கு முன்பே, குளிர் விடும்போதே பெயர் பதிய ஆரம்பித்துவிடும். பள்ளி விடட்டும் என்று இருந்துவிடாதீர்கள். போட்டி என்றதும் மலைக்கவும் வேண்டாம். 8 வயதுக்கு உட்பட்டவர்கள், 9-10, 11-12 என்று வயதுவாரியாகப் பிரிப்பார்கள். சின்னப் பிள்ளைகள் நீந்துவது பெரும்பாலும் குளத்தின் ஒரு நீளம், 25 கஜம் அல்லது 25 மீட்டர். அதைத் துணையில்லாமல் கடக்க முடியாவிட்டால் முதலில் நீச்சல் வகுப்பு, அப்புறம் அணி.

போட்டி நாளில் பிள்ளையின் கையில் மார்க்கரால் எழுதுவார்கள்: எத்தனையாவது போட்டி, எந்தச் சுற்று, எந்தத் தடம். முதல் நாள் எழுதியதை அழியவிடாமல் என் மகள் இரண்டு நாள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டாள். அன்று தவளை நீச்சலில் அவள் ஒரு கையால் சுவரைத் தொட்டுவிட்டாள். அந்த நீச்சலிலும் பட்டாம்பூச்சி நீச்சலிலும் இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் அந்த நேரம் கணக்கில் வராது. துண்டுக்குள் முகத்தைப் புதைத்து அழுதாள். அடுத்த வாரம் இரண்டு உள்ளங்கையும் பட்டென்று சுவரில் விழுந்த சத்தம் எனக்குக் கரையில் கேட்டது.

பெற்றோரும் வேலை செய்ய வேண்டும், பெரும்பாலான அணிகளில் அது கட்டாயம். இங்கிலீஷ் சரளமாக வராதே என்று நான் ஒதுங்கி நின்றேன். கையில் ஸ்டாப்வாட்சைக் கொடுத்துவிட்டார்கள். தொடக்கக் கருவியில் விளக்கு மின்னியதும் ஓர் அழுத்தல், பிள்ளை சுவரைத் தொட்டதும் இன்னோர் அழுத்தல், அவ்வளவுதான். அதே தடத்தில் என்னோடு நேரம் எடுத்த அம்மாதான் அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதி. பனி கொட்டிய நாட்களில் என் மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்ததும் அவர்தான். அதனால் அந்த வேலையைத் தட்டிக்கழிக்காதீர்கள், முதல் ஆளாகப் பெயர் கொடுங்கள்.

சில சின்ன விஷயங்கள். தலைக்கு எண்ணெய் வைத்து அனுப்பாதீர்கள், தொப்பி வழுக்கும். பிள்ளை கறுத்துவிடும் என்று பாட்டி போனில் கவலைப்படுவார். சன்ஸ்கிரீன் தடவுங்கள், வெயிலுக்குப் பயந்து நிறுத்தாதீர்கள். போட்டி மதியம் வரை இழுக்கும், ஐஸ் பெட்டியில் தயிர்சாதம் வையுங்கள். இடி கேட்டால் எல்லாரையும் கரையேற்றிவிடுவார்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி தண்ணீர். அந்த அரை மணியில் பசி எடுக்கும், இரண்டு டப்பா கூடுதலாகவே கட்டுங்கள்.