கூறுகள் தெரியும், கதை ஏன் வருவதில்லை? சிறுகதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கரு, கதைப்பின்னல், பாத்திரம், களம், நோக்குநிலை, மொழிநடை. சிறுகதையின் கூறுகளைக் கேட்டால் சாதாரண தரம் படிக்கும் பிள்ளையும் ஒப்புவித்துவிடும். எழுத உட்கார்ந்தால் அந்தப் பட்டியல் கைகொடுப்பதில்லை. கறிக்கு மரக்கறி வெட்டுவதுபோல இவற்றைத் தனித்தனியாக வெட்டி வைக்க முடியாது. யாருக்கு எது மாறுகிறது என்பது முடிவாகாமல் மற்ற எதையும் முடிவு செய்ய இயலாது.

ஒரு மாதிரிக் கதையை வைத்துக்கொள்வோம். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி. ஐந்தாம் மாடியில் யாழ்ப்பாணத்து ரீச்சர் ஒருவர் தனியாக இருக்கிறார். ஓய்வுபெற்றவர், மகன் கனடாவில். லிஃப்ட் பழுதாகி மூன்று கிழமை. கீழ்க்கடையில் வேலை செய்யும், மலையகத்து ஹட்டனைச் சேர்ந்த பையன்தான் சாமான் தூக்கிவந்து கொடுக்கிறான். ஒருநாள் மிச்சக் காசில் 150 ரூபா குறைகிறது.

இதன் கரு என்ன? 'முதுமையின் தனிமை' என்பார்கள் பலர். அது விடயம். அதை வைத்து ஆயிரம் கதை எழுதலாம் என்பதாலேயே இந்தக் கதையை எழுத அது உதவாது. 'யாரையும் அண்டி வாழமாட்டேன் என்றிருந்தவர், ஒரு பையனைச் சந்தேகித்த பிறகே அவனை எவ்வளவு அண்டியிருந்தார் என்று கண்டுகொள்கிறார்' என்று எழுதிப் பாருங்கள். இப்போது முன் நிலை ஒன்றும் பின் நிலை ஒன்றும் இருக்கின்றன. ஒரே வாக்கியத்தில் இந்த இரண்டும் அகப்படாவிட்டால் கதையைத் தொடங்க அவசரப்பட வேண்டாம். இதற்கு நேரெதிரான தவறு கருவை அறிவுரையாக்குவது. கடைசிப் பந்தியில் 'பெற்றோரைத் தனியே விடலாமா?' என்று கதைசொல்லி கேட்டுவிட்டால், வாசகருக்கு மேடைப்பேச்சு கேட்ட களைப்புத்தான் மிஞ்சும்.

'அதற்குப் பிறகு' என்ற நோய்

ரீச்சர் எழும்பினார், தேத்தண்ணி வைத்தார், மகனோடு கதைத்தார், பையன் வந்தான், காசு குறைந்தது. இது நாட்குறிப்பு. இரண்டு சம்பவங்களுக்கு இடையில் 'அதற்குப் பிறகு' மட்டுமே பொருந்தினால் பின்னல் இல்லை. 'அதனால்' பொருந்தினால் இருக்கிறது. காசு குறைகிறது, அதனால் ரீச்சர் மறுநாள் சாமான் வேண்டாம் என்கிறார். அதனால் வீட்டில் பால்மா முடிகிறது. அதனால் மூன்று கிழமைக்குப் பிறகு ஐந்து மாடி இறங்க வேண்டியதாகிறது. எதையாவது உருவினால் அடுத்தது விழ வேண்டும்.

பாடக் குறிப்புகளில் வரும் முக்கோணப் படத்தை இந்த இடத்தில் நம்பிவிடாதீர்கள். அறிமுகம், வளர்ச்சி, உச்சம், இறக்கம், முடிவு என்ற அந்தப் பிரிப்பை ஜெர்மானியரான குஸ்தாவ் ஃபிரைடாக் 1863இல் ஐந்து அங்க நாடகங்களுக்காகவே சொன்னார். 1500 சொல் கதையை அப்படிச் சமமாகப் பங்கிட்டால் அறிமுகத்துக்கே 300 சொல் போய்விடும். கணவர் இறந்தது, ஊரை விட்டு வந்தது, மகன் விமானம் ஏறியது எல்லாம் அதற்குள் வந்து குந்திக்கொள்ளும். காசை எண்ணும் கணத்தில் தொடங்குங்கள். முன்கதை தேவைப்படும் இடத்தில் தேவைப்படும் ஒரு வரி போதும்.

கண் மாறும் இடம்

போட்டிக்கு வரும் கதைகளில் அதிகம் சறுக்குவது நோக்குநிலையில், அதாவது கதை யாருடைய கண்ணால் சொல்லப்படுகிறது என்பதில். எழுதியவருக்கே அது தெரிவதில்லை. இந்த இரண்டு வரிகளைப் பாருங்கள்:

'ரீச்சர் காசை மறுபடி எண்ணினார். தன்னைச் சந்தேகிக்கிறாரே என்று பையனுக்கு நெஞ்சு வலித்தது.'

இரண்டாவது வரி கதையை முடித்துவிட்டது. பையன் எடுத்தானா இல்லையா என்று ரீச்சருக்குத் தெரியாததில்தான் கதை ஓடுகிறது. வாசகர் அவன் நெஞ்சுக்குள் எட்டிப் பார்த்துவிட்டால் பிறகு அவருக்கு என்ன வேலை? ரீச்சரின் கண்ணுக்கு எட்டுவதை மட்டும் எழுதினால் இப்படி வரும்: 'பையன் குனிந்து, ஏற்கெனவே சரியாக இருந்த சாமான் பையை மறுபடி சரிசெய்தான்.' குற்ற உணர்ச்சி என்றும் படிக்கலாம், அவமானம் என்றும் படிக்கலாம். அந்த இரட்டை நிலைதான் தேவை.

திருத்தும்போது இரண்டு நிறப் பேனை எடுங்கள். ரீச்சர் பார்க்கவோ கேட்கவோ நினைக்கவோ கூடிய வரிகளுக்கு நீலம், மற்றவைக்குச் சிவப்பு. சிவப்பு வரிகள் பெரும்பாலும் அழகான வரிகளாகவே இருக்கும். அதனால்தான் வெட்ட மனம் வராது. 'நான்' என்று சொல்லும் கதையில் இதே பிழை வேறு வேடத்தில் வரும்: தன் கண்கள் கலங்கிச் சிவந்ததைக் கண்ணாடி இல்லாமலே 'நான்' கண்டுவிடுவார்.

கொழும்பு என்று எழுதினால் போதாது

காலிமுகத்திடல், புறக்கோட்டை, காலி வீதி நெரிசல் என்று பெயர்களை அடுக்குவது களம் ஆகாது. மேற்சொன்ன கதைக்குக் களம் என்பது பழுதான லிஃப்டும் படிக்கட்டும்தான். அவை இல்லையென்றால் பையன் மேலே வரவும் தேவையில்லை, ரீச்சர் அடைபட்டிருக்கவும் தேவையில்லை. பாத்திரத்தைத் தடுக்காத, தள்ளாத இடவிவரணையை எடுத்துவிடலாம்.

தகவல் பிழை இன்னும் மோசம். வெள்ளவத்தைக் கடல் மேற்கில் இருக்கிறது. அங்கே கடலிலிருந்து சூரியன் எழுவதாக எழுதினால் உள்ளூர் வாசகர் அந்த வரியிலேயே சிரித்துவிடுவார். வடக்கில் வளர்ந்தவர்கள் ஊர் ஞாபகத்தில் மார்கழி அடைமழையைக் கொழும்புக்கும் கொண்டுவந்துவிடுகிறார்கள். வடகீழ்ப் பருவக்காற்று மழை வடக்குக்கும் கிழக்குக்கும் உரியது. கொழும்புக்குத் தென்மேல் பருவக்காற்று மே மாதமளவில் வரும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பின்னேரங்களில் இடியோடு கொட்டும். 1983இல் நடக்கும் கதையில் யாரும் கைத்தொலைபேசி எடுக்கக்கூடாது. இலங்கையில் அந்தச் சேவை 1989இல்தான் தொடங்கியது.

எல்லாரும் ஒரே வாயால் கதைப்பது

கொழும்புக் கதைக்கு இதுவே பெரிய சோதனை. ஒரே படிக்கட்டில் யாழ்ப்பாணத் தமிழும் மலையகத் தமிழும் முஸ்லிம்களின் தமிழும் ஏறி இறங்குகின்றன. எல்லாவற்றையும் எழுத்துத் தமிழில் எழுதினால் உயிர் போய்விடும். யாழ்ப்பாணப் பேச்சையே எல்லார் வாயிலும் வைத்தால் பொய்யாகிவிடும். இதையும் சினிமாத் தமிழையும் கலந்து எழுதுவது மூன்றாவது வகை. அதைப் பற்றி அதிகம் சொல்லாமல் விடுவது நல்லது.

ரீச்சர்: 'என்ன தம்பி, மிச்சக்காசு குறையுது. எண்ணிப் பாத்தனீரோ?'

பையன்: 'பால்மா வெல ஏறிருச்சு டீச்சர். பில்லு பையிலதான் இருக்கு, பாருங்க.'

அவருக்கு 'ரீச்சர்', அவனுக்கு 'டீச்சர்'. இந்த ஓர் எழுத்தே இரண்டு ஊரைக் காட்டிவிடுகிறது. 'அவன் மலையகத் தமிழில் சொன்னான்' என்று விளக்கினால் கெட்டுவிடும். அதைவிட நுட்பமான கருவி முன்னிலைச் சொல். யாழ்ப்பாணத் தமிழில் 'நீ'க்கும் 'நீங்கள்'க்கும் நடுவில் 'நீர்' இருக்கிறது. மூன்று கிழமையாக அவனை 'நீர்' என்றவர், சந்தேகம் வந்த நாளில் 'நீ வை, நான் பாக்கிறன்' என்றால், கோபம் வந்தது என்று தனியாக ஒரு வரி எழுதத் தேவையில்லை. அந்த முன்னிலையை முதல் பக்கத்திலிருந்தே ஒரே சீராக வைத்திருந்தால்தான் மாறும்போது வாசகர் காதில் விழும்.

கதைசொல்லியின் மொழி இவற்றிலிருந்து பிரிந்து ஒரே நடையில் நிற்கட்டும். கடைக்கார முதலாளி முஸ்லிம் என்றால், அவர் பேச்சில் எங்கே 'ஈக்கிது' (இருக்கிறது) வரும், எங்கே வராது என்பதை அந்தத் தமிழ் பேசும் ஒருவரிடம் வாசித்துக் காட்டித் திருத்துங்கள். ஊகத்தில் எழுதிய பேச்சு கேலியாக முடிந்துவிடும்.

பாத்திர எண்ணிக்கை பற்றி அதிகம் சொல்ல இல்லை. இந்த நீளத்துக்கு இரண்டு, மூன்று பேர் போதும். பெயர் பெறும் எவரும் கதையில் ஏதாவது செய்ய வேண்டும்.

முடிவில் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். ரீச்சர் படியில் விழுந்து இறப்பது, எல்லாம் கனவாவது, பையன் திடீரெனக் கடிதம் நீட்டுவது, இவை எல்லாம் வெளியிலிருந்து இறக்குமதி. 'சுடப்போவதில்லை என்றால் துவக்கை மேடையில் வைக்காதே' என்ற பொருளில் ரஷ்ய எழுத்தாளர் ஆன்டன் செக்கோவ் 1889இல் ஒரு கடிதத்தில் எழுதினார். மறுபக்கமும் உண்மை: கடைசியில் சுட வேண்டுமானால் முன்பே துவக்கு அங்கே இருந்திருக்க வேண்டும். ரீச்சரின் மூக்குக்கண்ணாடி உடைந்திருப்பதையும், பில்லை அவர் வாசிக்காமல் மேசை லாச்சியில் போடுவதையும் முதல் பக்கத்திலேயே போகிறபோக்கில் வைத்துவிடுங்கள். கடைசியில் அவர் படி இறங்கிக் கடைக்குப் போய், பால்மா பக்கெட்டைக் கையில் எடுத்து, விலையைப் பையனையே வாசிக்கச் சொல்கிறார்.

'எவ்வளவு எண்டு பாத்துச் சொல்லும் தம்பி.'

அவன் வாசிக்கிறான். 'சொல்லும்' என்றதில் 'நீர்' திரும்பி வந்துவிட்டது. அதற்குப் பின்னால் அவர் வருந்தினார், கண்ணீர் விட்டார் என்று ஒரு பந்தி எழுதியிருந்தால் அதை அழித்துவிடுங்கள்.