லொக்-அவுட் ஆனபின் மறுபடி உள்ளே விடவில்லையா?

"பாஸ்வேர்ட் சரியாத்தான் அடிக்கிறன், ஆனா திரும்பத் திரும்ப லொக்-இன் பக்கத்துக்கே வருது." நீண்ட விடுமுறை முடிந்த காலையில் எனக்கு வரும் முதல் அழைப்பு பெரும்பாலும் இதுதான். உடனே பாஸ்வேர்டை மாற்றப் போகாதீர்கள். அதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் வெளியே தள்ளுகிறது என்றால், கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

கொழும்புக் கோட்டையில் ஒரு மாடிக் கட்டடத்துக்குப் போகிறீர்கள். கீழே அடையாள அட்டையைக் காட்டி ஒரு பாஸ் வாங்கினால், மேலே எந்த அலுவலகத்திலும் அதுவே போதும். ஒரே லொக்-இன்னில் பல செயலிகளுக்குள் போகவிடும் சிங்கிள் சைன்-ஒன்னும் அப்படித்தான். மைக்ரோசொஃப்ட், கூகுள் போன்ற லொக்-இன் தளம் கீழ்க் கவுண்டர். லீவு, சம்பளம், மெயில் எல்லாம் மாடிகள். ஒவ்வொன்றும் தன் பங்குக்கு உங்கள் பிரவுசரில் குக்கீ என்ற சிறு குறிப்பை வைத்து உங்களை ஞாபகம் வைத்திருக்கிறது. ஒரு மாடியில் லொக்-அவுட் செய்தாலும் கவுண்டரில் உங்கள் பெயர் இருந்துகொண்டே இருக்கலாம். பழையதும் புதியதும் கலக்கும்போதுதான் சிக்கல்.

முதலில், பழைய குக்கீகள் இல்லாத பிரைவேட் ஜன்னல் ஒன்றைத் திறவுங்கள். குரோமில் கண்ட்ரோல், ஷிஃப்ட், என். ஃபயர்பொக்ஸில் என்னுக்குப் பதில் பி. செயலியின் முகப்பு முகவரியைக் கையால் அடித்து உள்ளே போய்ப் பாருங்கள்.

அங்கே வேலை செய்கிறதா? சரி, அப்படியானால் முதலில் உங்கள் புக்மார்க்கைச் சந்தேகியுங்கள். பலர் லொக்-இன் பக்கத்தையே சேமித்து வைத்திருக்கிறார்கள். அந்த நீண்ட முகவரிக்குள் ஒரு முறை மட்டும் செல்லும் கோரிக்கை எண் இருக்கும். நேற்றைய எண்ணை இன்று காட்டினால் எடுபடாது. அதை அழித்துவிட்டு முகப்பைச் சேமியுங்கள். அப்புறம் செயலி, லொக்-இன் தளம் இரண்டின் குக்கீகளை மட்டும் நீக்குங்கள். எல்லாவற்றையும் துடைக்க வேண்டாம், வங்கித் தளம்வரை எல்லாவற்றிலும் மறுபடி நுழைய வேண்டிவரும். சொந்த ஜிமெயில் கணக்கு திறந்திருந்து, அதன் பெயரில் கதவைத் தட்டுகிறீர்களா என்றும் பாருங்கள்.

பிரைவேட் ஜன்னலிலும் சரிவரவில்லை என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். நேரம் சரியாகத் தெரிந்தால் மட்டும் போதாது, நேர வலயமும் சரியாக இருக்க வேண்டும். விண்டோஸ் பட்டியலில் கொழும்பு என்று தேடினால் கிடைக்காது. "ஸ்ரீ ஜயவர்தனபுர" என்றுதான் இருக்கும், 5:30. ஒருவர் அது கிடைக்காமல் டாக்காவை, அதாவது 6:00ஐத் தெரிவு செய்துவிட்டு, மணியை அரை மணி நேரம் கையால் பின்தள்ளி வைத்திருந்தார். திரையில் எல்லாம் சரி; கொம்பியூட்டரின் உள்கணக்கில் 30 நிமிடம் பிழை. அலுவலக விண்டோஸ் வலையமைப்புகளின் கேர்பரொஸ் என்ற லொக்-இன் முறை வழமையாக 5 நிமிட வித்தியாசம்வரைதான் பொறுக்கும். போனிலுள்ள ஒதென்டிகேட்டர் செயலி காட்டும் ஆறு இலக்கக் குறியீடும் பொதுவாக 30 விநாடிக்கு ஒருமுறை மாறுவது. போன் மணி பிந்தினால் அதுவும் பிழைக்கும். இரண்டிலும் தானியங்கி நேரத்தைப் போட்டுவிடுங்கள்.

இதற்கு மேல் உங்கள் கையில் இல்லை. ஐடி பிரிவுக்கு எழுதும்போது "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதாமல், பிழைக் குறியீட்டையும் அது வந்த நேரத்தையும் சேர்த்து அனுப்புங்கள். மைக்ரோசொஃப்ட் பக்கத்தில் 50105 என்று வந்தால், அந்தச் செயலிக்கு உங்களை யாரும் சேர்க்கவில்லை என்று அர்த்தம். நீங்கள் எத்தனை குக்கீயை அழித்தாலும் அது மாறாது. பிரவுசரின் நெட்வொர்க் பதிவைக் கேட்டால் அவர்களுக்கு மட்டும் கொடுங்கள், வட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அதற்குள் உங்கள் பாஸும், அதாவது உங்களை உள்ளே விடும் குக்கீயும், இருக்கும்.